ஏழாம் கிணற்றின் மட்டம்

சமையலறைச் சுவரில் அந்தக் கோட்டை முதலில் பார்த்தபோது, தரை துடைத்த துணி விட்டுப்போன கறை என்றுதான் அவள் நினைத்தாள். கணுக்கால் உயரத்தில், வெள்ளை டைல்ஸ் மேல், ஒரு மூலையிலிருந்து மறு மூலை வரை துருவின் நிறத்தில் ஓடியது. குனிந்து தொட்டாள். ஈரமில்லை. நகத்தால் சுரண்டியபோது பொடியாக உதிர்ந்தது. முகர்ந்தால் பழைய ஆணி டப்பாவைத் திறந்த வாசனை. ஈரத்துணியால் அழுத்தித் துடைத்துவிட்டு மகளுக்குத் தலை வார ஓடினாள். பள்ளி வண்டி கறைக்கெல்லாம் காத்திருக்காது.

மாலையில் அவள் வேலையிலிருந்து திரும்பியபோது கோடும் திரும்பியிருந்தது, சொந்தபந்தத்தோடு. கதவு நிலையில் இருந்தது. கூடத்துச் சுவர் நெடுக இருந்தது. சாப்பாட்டு மேசையின் கால்களில், சோபாவின் பக்கத்துணியில், தரையைத் தொடும் திரைச்சீலையில், மூலையில் சாத்தி வைத்த குடையில். எல்லாவற்றிலும் ஒரே உயரம்.

"கொத்தனார் மட்டம் வெச்சு இழுத்த மாதிரி இருக்கே," என்றான் கணவன். அவன் பள்ளியில் கணக்கு வாத்தியார். எதிலும் நேர்க்கோடு தெரிந்தால் மகிழ்கிறவன். "சுவர்ல ஓதம் ஏறுது. லீவு விட்டதும் பெயிண்ட் அடிச்சிடலாம்."

ஓதம் சுவரில் ஏறும். குடையில் ஏறுமா? அவள் கேட்கவில்லை. கேட்டால் அவளேதான் பதில் சொல்ல வேண்டியிருக்கும், ஏனென்றால் இந்த மாதிரிக் கோட்டைப் பற்றி அந்த ஊரில் அவளைவிட நன்றாகத் தெரிந்தவர்கள் இல்லை. இரும்பு கலந்த தண்ணீர் ஓர் இடத்தில் நின்றால், தான் நின்ற உயரத்தைச் சுவரில் எழுதி வைத்துவிட்டுத்தான் போகும். தொட்டிகளில் பார்த்திருக்கிறாள், கைவிட்ட கிணறுகளில் பார்த்திருக்கிறாள். ஆனால் அவள் வீட்டுக் கூடத்தில் எந்தத் தண்ணீரும் நிற்கவில்லை.

ஊரில் அவளுக்குத் 'தண்ணி மேடம்' என்று பெயர். நிலக்கரிச் சுரங்கத்தின் ஆய்வகத்தில் தண்ணீர் சோதிப்பது வேலை. சுரங்கம் என்றதும் குகையும் விளக்கும் நினைவுக்கு வரும், இது அப்படியல்ல. மேல்மண்ணை மொத்தமாக வாரி மலையாகக் குவித்துவிட்டு, வானம் பார்க்க வெட்டும் குழி. வெட்டுகிற இடம் காய்ந்திருக்க வேண்டும் என்பதால் பெரிய பம்புகள் ஓய்வில்லாமல் நிலத்தடி நீரை இறைத்து வாய்க்காலில் விடும். பூமிக்கு அடியில் தண்ணீருக்கு வேலி கிடையாது. இங்கே இறைத்தால் அங்கே இறங்கும். இறங்கி மிஞ்சுகிற கொஞ்சத்திலும் மண்மலையிலிருந்து கசிந்துவரும் புளித்த நீர் போய்ச் சேரும், இரும்பும் கந்தகமுமாக. அதைக் கண்காணிக்கச் சுற்றுவட்டாரக் கிணறுகளுக்கு எண் போட்டிருந்தார்கள். மாதாமாதம் பாட்டிலில் பிடித்துவந்து சோதித்துச் சொல்ல வேண்டியது அவள்.

ஏழாம் எண், மண்மலைக்குப் பின்னால், ஒரு தையல்காரியின் வீட்டுக் கொல்லையில் இருந்தது. முதல் தடவை போனபோது அவள் கொண்டுபோன கயிறு தண்ணீரை எட்டவில்லை. தையல்காரி வீட்டுக்குள் ஓடிப்போய்த் துணிகளை முடிந்து நீட்டிக் கொடுத்தாள். மேலே வந்தது கடுந்தேநீரின் நிறத்தில் இருந்தது. தீக்குச்சி உரசியதும் வருமே, அந்த வாடை.

"இதைத்தான் குடிக்கிறோம் மேடம். நீங்க உள்ளதை உள்ளபடி எழுதுங்க, அது போதும்," என்றாள் தையல்காரி.

உள்ளதை உள்ளபடிதான் எழுதினாள். மேலாளர் பார்த்துவிட்டு, பாட்டிலைச் சரியாக அலசியிருக்க மாட்டீர்கள் என்றார். "மறுபடி எடுங்க." மறுபடி எடுத்தாள், அதே எண்கள் வந்தன. "மறுபடி எடுங்க." மேலாளர் கெட்டவர் என்று யாரும் சொல்லிவிட முடியாது. குரலை உயர்த்தமாட்டார், நாற்காலி காட்டி உட்காரச் சொல்வார், குழந்தை நலமா என்பார். "நான் ஒண்ணும் பொய் எழுதச் சொல்லலையே மேடம். சரியா எடுங்கன்னுதானே சொல்றேன்?"

பிறகு ஒரு மழைநாள். மண்மலைப் பாதை சேறாகிக் கிடந்தது. மகளுக்குக் காய்ச்சல் வேறு. அவள் வீட்டுச் சமையலறையில் நின்றுகொண்டிருந்தாள். கையில் பாட்டில் இருந்தது. எதிரில் குழாய் இருந்தது. அவர்கள் வீட்டு ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் அந்தத் தெருவுக்கே பெயர் போனது; பக்கத்து வீட்டுக்காரர்கள் குடத்தோடு வந்து கேட்டு வாங்கிப் போவார்கள். அவள் குழாயைத் திறந்தாள்.

"பாத்தீங்களா? இப்பதான் சரியா எடுத்திருக்கீங்க," என்றார் மேலாளர்.

அந்த நேரத்தில் அவளுக்கு வந்தது வெட்கமல்ல, நிம்மதி. அதை நினைத்தால்தான் இப்போதும் உடம்பு கூசுகிறது. வெட்கம் சாவகாசமாகத்தான் வந்தது, வந்தது போகவேயில்லை.

அதன் பிறகு ஏழாம் கிணறு அவள் சமையலறையில்தான் இருந்தது. மாதம் தவறாமல் பாத்திரம் கழுவுகிற இடத்தில் பாட்டிலை நிரப்பி, எண்ணை ஒட்டி, பையில் போட்டுக்கொண்டு போவாள். முதலில் கதவைச் சாத்திக்கொண்டு செய்தாள். பழகியபின் அடுப்பில் பால் பொங்குகிறதா என்று பார்த்துக்கொண்டே செய்தாள். கிணறு தேறிவிட்டது என்று காகிதத்தில் ஏறியதும், தையல்காரியின் குடியிருப்புக்குச் சுரங்கம் அனுப்பிக்கொண்டிருந்த தண்ணீர் லாரியை நிறுத்தினார்கள். நல்ல தண்ணீர் உள்ள இடத்துக்கு லாரி எதற்கு? அந்தக் கூட்டத்தில் அவளும் இருந்தாள். தேநீரில் சர்க்கரை கரைந்துவிட்டது தெரிந்தும் கரண்டியைச் சுற்றிக்கொண்டே இருந்தாள்.

லாரி நின்றபின் ஒருநாள் தையல்காரி ஆய்வக வாசலில் காத்திருந்தாள். எப்போதோ கைப்பேசியில் மகளின் படத்தைப் பார்த்தவள், கண்ணளவிலேயே ஒரு வெள்ளைக் கவுன் தைத்துக் கொண்டுவந்திருந்தாள். கழுத்தில் நுண்ணிய வேலைப்பாடு. ஆனால் கீழ் மடிப்பில் ஒரு துருக்கோடு.

"பல தடவ அலசிட்டேன் மேடம். அலச அலச ஏறுது. தண்ணி அப்படி. தப்பா எடுத்துக்காதீங்க," என்று தையல்காரி தலையைக் குனிந்துகொண்டாள். கறைக்கு அவள் வெட்கப்பட்டாள். வெட்கப்பட வேண்டியவள் நிமிர்ந்து நின்று அதை வாங்கிக்கொண்டாள். கவுனை மகளுக்குப் போடவும் மனம் வரவில்லை, தூக்கிப் போடவும் கை வரவில்லை. பீரோவின் அடித்தட்டில் பழைய போர்வைக்குக் கீழே அது கிடந்தது.

இப்போது, கூடத்தில் கோட்டைப் பார்த்தபின், அவள் முதலில் போய்த் திறந்தது அந்தப் பீரோவைத்தான். கவுனை விரித்துப் பார்த்தாள். கீழ் மடிப்பு மட்டுமல்ல. முழுக் கவுனும் துருநிறமாகிக் கிடந்தது, கழுத்து வேலைப்பாடு வரை.

கோடு ஏறத் தொடங்கியது.

யாரும் பார்த்துக்கொண்டிருக்கும்போது ஏறாது. காலையில் கணுக்காலுக்கு மேல் இருந்தது, இன்னொரு காலையில் முழங்காலுக்குக் கீழ் இருந்தது. குழாய்த் தண்ணீரில் சோப்பு நுரைக்கவில்லை. பாலில் ஊற்றினால் திரிந்தது. குழாயை மூடிய பிறகும் சுவருக்குள் ஏதோ இழுபடும் சத்தம். கயிறு கல்லில் உராய்ந்து மெல்ல மெல்ல இறங்குவதுபோல், இறங்கி எதையும் தொடாமல் மறுபடி மேலேறுவதுபோல். கணவன் காது வைத்துக் கேட்டுவிட்டு, "பைப்ல காத்து அடைச்சிருக்கு," என்றான். அவனுக்கு எல்லாவற்றுக்கும் விடை இருந்தது.

கோட்டுக்குக் கீழே இருந்ததுதான் அவளைக் கலக்கியது. ஒருநாள் கைதவறிக் கரண்டி விழுந்தது. இடுப்பு உயரத்திலிருந்து எப்போதும்போல் விழுந்தது. முழங்கால் பக்கம் வந்ததும் தயங்கி, சாய்ந்து சாய்ந்து இறங்கி, சத்தமே போடாமல் தரையில் படிந்தது. மின்விசிறி நின்றிருந்தபோதும் திரைச்சீலையின் கீழ்ப்பாதி மட்டும் அசைந்துகொண்டிருந்தது. வாசலில் விட்ட செருப்புகள் காலையில் கூடத்தின் நடுவில், குதிங்கால் லேசாக எழும்பி, எங்கேயோ புறப்பட்டவைபோல் கிடந்தன.

மகளை வீட்டில் 'வாண்டு' என்பார்கள். வாண்டு இருமத் தொடங்கினாள். விடியற்காலையில் அந்த இருமல் கேட்டு ஓடிப்போய்ப் பார்த்தபோது தலையணை துருநிறமாக நனைந்திருந்தது, குழந்தையின் முடி நெற்றியில் ஒட்டிக்கிடந்தது. அவள் திரும்பிச் சுவரைப் பார்த்தாள். கோடு கட்டிலைத் தாண்டியிருந்தது. ஒரு கையளவு தாண்டியிருந்தது. அதற்கு அடியில்தான் குழந்தை படுத்திருந்தது.

அன்று முதல் மெத்தையைச் சாப்பாட்டு மேசைமேல் போட்டாள். வாண்டுக்கு ஒரே கொண்டாட்டம்.

"இது வீடா, ரயிலா?" என்றான் கணவன். "அப்பர் பெர்த்துக்கு எக்ஸ்ட்ரா டிக்கெட் கேட்பாங்க." பிறகு அவள் முகத்தைப் பார்த்து, "என்ன ஆச்சு உனக்கு?"

"கொஞ்ச நாள் எங்கம்மா வீட்டுக்குப் போயிரலாங்க. பாப்பாவைக் கூட்டிட்டு."

"பரீட்சை நேரத்துலயா? சரி, ஏன்னு சொல்லு. ஸ்டெப்ஸ் இல்லாம விடை மட்டும் எழுதினா மார்க் கிடையாது, தெரியும்ல?"

அவன் சிரித்துக்கொண்டுதான் கேட்டான். காரணம் சொன்னால் அந்த நிமிடமே பெட்டியைக் கட்டியிருப்பான். ஒரே ஒரு வாக்கியம்தான் தேவை. அது அவள் தொண்டை வரை வந்தது. ஆனால் அந்த வாக்கியத்தின் மறுபக்கம் அவன் முகம் எப்படி மாறும் என்பதும் கூடவே வந்தது. இந்தத் தண்ணீரைத்தான் அவன் பெருமையாகப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துக்கொண்டிருந்தான். "ஒண்ணுமில்ல, சும்மாதான்," என்றாள்.

வீட்டுத் தண்ணீரை ஆய்வகத்துக்கு எடுத்துப்போய் யாருக்கும் தெரியாமல் சோதித்தாள். வந்தது தையல்காரியின் கிணற்றில் முதல் தடவை உண்மையாக எடுத்த அதே எண்கள். புள்ளிக்குப் பின்னால்கூட மாறவில்லை. அந்த எண்கள் எந்தக் காகிதத்திலும் இல்லை. மேலாளர் அன்றே கிழித்துக் கூடையில் போட்டுவிட்டார். அவளுக்கு மட்டும் மறக்கவில்லை.

அவளாகச் சொல்ல முடியாததைக் காகிதமாவது சொல்லட்டும் என்று ஒரு வழி பிடித்தாள். தன் வீட்டுத் தண்ணீர் கெட்டுவிட்டதாக அலுவலகத்தில் முறைப்படி புகார் கொடுத்தாள். ஆய்வக உதவியாளர் போய்ப் பாட்டில் பிடித்துவந்து சோதித்தார். அவளைவிட மூத்தவர், பொறுமைசாலி. மறுநாளே முத்திரை குத்திய சான்று வந்தது: நீர் தூயது, குடிக்க உகந்தது.

அவள் அவரிடம் போனாள். "அண்ணா, எங்கே எடுத்தீங்க?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அப்புறம் தாழ்ந்த குரலில், "உங்க தெருவுல பள்ளம் தோண்டிப் போட்டிருக்காங்க மேடம், வண்டி போகல. நம்ம ஆபீஸ் ஃபில்டர்ல பிடிச்சேன். உங்களுக்குத் தெரியாததா? உங்களைப் பார்த்துத்தானே நானும் கத்துக்கிட்டேன்," என்றார். அதில் கேலி இல்லை. கூட்டாளியிடம் பேசுகிற அன்பு இருந்தது. அவளுக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

ஆக, அவருக்குத் தெரியும். எத்தனை பேருக்குத் தெரியும்? தண்ணி மேடம் என்று கூப்பிடும்போதெல்லாம் அவர்கள் எதை நினைத்துக் கூப்பிட்டார்கள்?

கணவன் அந்தச் சான்றை ஃபிரிட்ஜ் கதவில் காந்தம் வைத்து ஒட்டினான். "பாத்தியா, சும்மா பயந்துட்டிருந்த. இனிமே கேன் தண்ணி வாங்கத் தேவையில்லை," என்று மீதமிருந்த கேனை ரோஜாச் செடிக்கு ஊற்றினான். குழாயிலிருந்து ஒரு டம்ளர் பிடித்து, தேநீர் நிறத்தில் இருந்ததை அண்ணாந்து குடித்தான். "என்ன ருசி!"

"கலரைப் பாருங்க."

அவன் டம்ளரை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தான். அப்புறம் ஃபிரிட்ஜ் கதவைப் பார்த்தான். "என்ன கலர்?" என்றான்.

அவன் பொய் சொல்லவில்லை. அவனுக்கு உண்மையிலேயே தெரியவில்லை. காகிதம் வந்தபின் அவனுக்குக் கோடும் தெரியவில்லை.

சுவரில் அது மேசையை நெருங்கியிருந்தது.

மறுநாள் மதியம் அவள் மண்மலைக்குப் பின்னால் போனாள். வெகுகாலத்துக்குப் பிறகு. என்ன செய்யப்போகிறோம் என்று தெளிவில்லை; அந்தக் கிணற்றிலிருந்து உண்மையாக ஒரு பாட்டில் எடுத்தால், உள்ளதை உள்ளபடி எழுதினால், எதுவோ தீரும் என்று மட்டும் தோன்றியது. வழியெல்லாம் சாம்பல் நிறப் புழுதி. தூரத்தில் பம்புகளின் உறுமல், காலடியில் நடுக்கமாக ஏறியது. தையல்காரி எப்படி எதிர்கொள்வாள் என்று நினைக்க நினைக்க நடை தளர்ந்தது. கதவைச் சாத்தினால் தேவலை. காறித் துப்பினால் இன்னும் தேவலை.

தையல்காரி அவளைக் கண்டதும் ஓடிவந்து இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள்.

"வாங்க மேடம், வாங்க! நானே உங்களைத் தேடி வரணும்னு இருந்தேன். நீங்க எழுதினது பலிச்சிடுச்சு!"

கொல்லைக்கு இழுத்துக்கொண்டு போனாள். கிணறு நிரம்பியிருந்தது. கயிறு வேண்டாம், குனிந்து கையால் அள்ளலாம். அடிவரை தெரியும் தெளிவு. கறுத்த உள்சுவரில் பழைய தண்ணீர் விட்டுப்போன கோடுகள் வளையம் வளையமாகத் தண்ணீருக்கு அடியில் மங்கிக்கொண்டிருந்தன. கிணற்றடியில் ஒரு சின்னப் பையன் தலையில் தண்ணீரை ஊற்றிக்கொண்டு கத்திக் கும்மாளம் போட்டான்.

"மூணாம் வீட்டுக்காரர் நம்பவே இல்லை. நிலம் பொளந்து குழி வெட்டுறவங்க இருக்கும்போது கிணறு எப்படிடி ஊறும்னார். ஊறுதே! குடிச்சுப் பாருங்க மேடம்."

அவள் குடித்தாள். நாக்குக்கு உடனே தெரிந்துவிட்டது. இத்தனை வருடம் சமைத்த தண்ணீர், மகளைக் குளிப்பாட்டிய தண்ணீர், பக்கத்து வீட்டுக் குடங்கள் தேடிவந்த தண்ணீர். அவள் வீட்டுக் குழாய்த் தண்ணீர்.

தையல்காரி உள்ளே போய் ஒரு பொட்டலத்தோடு வந்தாள். புதிய வெள்ளைக் கவுன். "அன்னைக்குக் கறையோட கொடுத்துட்டேன்னு மனசு உறுத்திட்டே இருந்தது. இதைப் பாருங்க, ஒரு பொட்டு இல்ல. பாப்பா இப்ப வளந்திருப்பான்னு அளவைக் கொஞ்சம் கூட்டியிருக்கேன்." அவள் கண் நிறைந்திருந்தது. "உங்க கைராசி மேடம்."

பாட்டிலும் கவுனுமாக அவள் திரும்பி நடந்தாள். மண்மலை தாண்டும்போதுதான் அந்த எண்ணம் வந்தது. வந்த வேகத்தில் அது வேறு யாருடையதோ என்று திரும்பிப் பார்க்கத் தோன்றியது.

எழுதியது பலிக்கிறது. அப்படியானால் மாற்றி எழுதலாம்.

ஆய்வகத்தில் யாரும் இல்லாத நேரம். தையல்காரியின் தெளிந்த நீரைத் தொட்டியில் கொட்டினாள். வீட்டிலிருந்து எடுத்து வைத்திருந்த துருநீரை அதே பாட்டிலில் நிரப்பினாள். ஏழு என்று எண் ஒட்டினாள். சோதித்தாள், எழுதினாள், கணினியில் ஏற்றினாள். முதல் தடவை செய்தபோது மழையின் மேல் பழி போட முடிந்தது, காய்ச்சலின் மேல் போட முடிந்தது. இப்போது அந்தப் பையன் கும்மாளமிட்ட சத்தம் காதில் இருக்கும்போதே செய்தாள். கை நடுங்கவில்லை. நடுங்காததைப் பார்த்துக்கொண்டே செய்தாள்.

குழந்தைக்காக என்று சொல்லிக்கொண்டாள். தையல்காரி வீட்டிலும் குழந்தை இருந்தது. அதையும் உடனே சொல்லிக்கொண்டாள். ஆனாலும் அனுப்பும் பொத்தானை அழுத்தினாள்.

வீட்டு வாசலை அடைந்தபோது இருட்டத் தொடங்கியிருந்தது. உள்ளே விளக்கு எரிந்தது. செருப்பைக் கழற்றும்போது கைப்பேசி அடித்தது. மேலாளர். எப்போதும்போல் மென்மையான குரல்.

"வீட்டுக்குப் போயிட்டீங்களா மேடம்? பாப்பா நல்லா இருக்காளா? ஏழாம் நம்பர் ரிசல்ட் இப்பதான் பார்த்தேன். என்ன மேடம், இத்தனை வருஷம் கழிச்சு இப்படி? பாட்டில் சரியா அலசலை போல."

அவள் மற்ற செருப்பையும் கழற்றினாள்.

"அதை எடுத்துட்டேன். பழைய ரிசல்ட்டே இருக்கட்டும். நாளைக்கு மறுபடி எடுங்க."

இணைப்பு போனது. அவள் கதவில் சாய்ந்து நின்றாள். இனி ஒரு வழிதான். உள்ளே போய்ச் சொல்லிவிட வேண்டியது. எல்லாவற்றையும், ஸ்டெப்ஸோடு. அவன் என்ன வேண்டுமானாலும் நினைக்கட்டும், காறித் துப்பட்டும், குழந்தையைத் தூக்கிக்கொண்டு இன்றைக்கே இந்த வீட்டை விட்டு வெளியேறட்டும். இதை முன்பே செய்திருக்கலாம். தலைக்கு மேல் வெள்ளம் போகும்வரை காத்திருந்தது மானம் கெடாமல் இருக்கத்தான். அது எப்போதோ கெட்டுவிட்டது.

கதவைத் தள்ளினாள். கதவு கனத்தது. மறுபக்கம் யாரோ சாய்ந்திருப்பதுபோல் மெதுவாகத்தான் திறந்தது.

பழைய ஆணியின் வாசனை. கூடத்தில் மேசை காலியாக இருந்தது. மெத்தையைக் காணோம்.

"வந்துட்டியா?" கணவன் சமையலறையிலிருந்து கேட்டான். "அந்த மெத்தையை எடுத்துக் கட்டில்ல போட்டுட்டேன். போதும் ரயில் பயணம். ஆமா, யாரோ தையல்காரியாம், மதியம் நீ அங்கே போயிட்டு வந்தப்புறம், சாயங்காலம் ஆள் அனுப்பியிருந்தாங்க. ரெண்டு கவுன் தைச்சாங்களாம், ஒண்ணைக் கொடுக்க மறந்துட்டாங்களாம். போட்டுவிட்டேன். போய்ப் பாரு, என்ன அழகா இருக்கா உன் பொண்ணு!"

அவள் சுவரைப் பார்த்தாள்.

கோடு அவள் நெஞ்சுக்கு நேராக இருந்தது.

அறைக்குள் ஓட முயன்றாள். கால்கள் ஓடவில்லை. ஒவ்வொரு அடியையும் எதையோ தள்ளிக்கொண்டுதான் வைக்க முடிந்தது.

வாண்டு அறையின் நடுவில், முதுகைக் காட்டி நின்றிருந்தாள். வெள்ளைக் கவுன். ஒரு பொட்டுக் கறையில்லை. கவுனின் அடிப்பாகம் குடைபோல் விரிந்து, மெல்லச் சுருங்கி, மறுபடி விரிந்தது. பின்னல் அவிழ்ந்த முடி மேலே எழும்பி, நிதானமாக, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் அசைந்தது.

நிற்கவில்லை. பாதங்கள் தரையில் இல்லை.

"எப்படி சுத்துறா பாரு," என்றான் கணவன் பின்னால் வந்து. அவன் உயரமானவன். கோடு அவன் வயிற்றோடு நின்றது.

வாண்டு மெதுவாகத் திரும்பினாள். யாரும் திருப்பாமல், தானாக. கண்கள் திறந்திருந்தன. அம்மாவைப் பார்த்தன. உதடுகள் அசைந்தன, சத்தம் இல்லை. வாயோரத்திலிருந்து ஒரு குமிழி கிளம்பி, முடியைத் தாண்டி, தள்ளாடி மேலே போயிற்று. கோட்டைத் தொட்டு உடைந்தது.

"அம்மா," என்றது, உடைந்த இடத்தில்.

"என்னமோ மாதிரி இருக்கியே. ஏதாவது சொல்லணுமா?" என்றான் கணவன். "இரு, முதல்ல பாப்பாவுக்குத் தண்ணி கொடுத்துடுறேன். கவுனைப் போட்டதுல இருந்து தாகம் தாகம்னு வாயை வாயைத் திறக்கிறா." அவன் திரும்பிச் சமையலறைக்குப் போனான். அவனுக்கு எதுவும் தடுக்கவில்லை.

அவள் குனிந்தாள். தலை கோட்டுக்குக் கீழே போனது. குளிர். பம்புகளின் உறுமல் மட்டும். மகளை இழுத்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, வாயைத் திறந்து, சொன்னாள். குழாய். பாட்டில். மழைநாள். லாரி. தேநீர்க் கரண்டி. கவுன். இன்று சாயங்காலம். ஒன்றையும் விடவில்லை. ஒவ்வொன்றும் குமிழியாகக் கிளம்பிப் போய்க் கோட்டில் வரிசையாக உடைந்தது. அவள் குரல் கூடத்தில் தெளிவாக, சத்தமாக, திரும்பத் திரும்பக் கேட்டது.

சமையலறையில் குழாய் முழுதாகத் திறந்திருந்தது. அந்த இரைச்சலில் அவன் ஏதோ பாட்டை முணுமுணுத்தபடி, டம்ளர் நிரம்பி வழியும்வரை பிடித்துக்கொண்டிருந்தான்.